பரிக்கு இட்ட தீனி: பாண்டியர் காலக் குதிரை வணிகம் பற்றிய ஒரு நோக்கு

இடைக்காலத் தமிழகத்தின் அரசியல் வரலாற்றை எழுதுவோர், மன்னர்தம் படைவலிமையைக் கூறுமிடத்துக் குதிரைகளின் தொகையையும் அவற்றின் விலையையும் எடுத்துரைப்பர். ஆயின், விலை கொடுத்து வாங்கப்பெற்ற அக்குதிரைகள் நாள்தோறும் எதனை உண்டன, அவ்வுணவை அந்நிலம் வழங்கக்கூடியதாயிருந்ததா என்னும் வினாக்கள் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. குதிரையின் விலை ஒரு நாளிற் கொடுத்து முடிவது. தீனியின் செலவோ அதன் வாழ்நாள் முழுவதும் தொடர்வது. எனவே குதிரை வணிகத்தின் பொருளியலை விளங்கிக்கொள்ளக் கருவூலத்தை மட்டுமன்றி இலாயத்தையும் நோக்குதல் வேண்டும்.

தமிழகம் குதிரைக்கு இயற்கையான பிறப்பிடம் அன்று. காவிரிப்பூம்பட்டினத்திற் கடல்வழி வந்திறங்கிய பொருள்களுள் குதிரையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. மாணிக்கவாசகர் பாண்டியனின் பொருளோடு குதிரை வாங்கச் சென்றதாகக் கூறும் புராணக் கதையும் இத்தேவையின் நினைவையே தாங்கி நிற்கின்றது. ஈழத்திலும் நிலைமை இதுவே. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், பிற பண்டங்களை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் அரைப்பங்கு அரசுக்குரியது என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தாற் காற்பங்கே அரசுக்குரியது, முக்காற்பங்கு உடையவனுக்குரியது என்றும் விதிக்கின்றது. குதிரையைக் கொண்டுவரும் வணிகனை ஊக்குவிக்க மன்னன் தன் உரிமையிற் பாதியை விட்டுக்கொடுத்தான் என்பது இதனாற் பெறப்படும்.

பாண்டி நாட்டின் நிலையை அறிய இரு பிறநாட்டார் குறிப்புகள் துணை செய்கின்றன. 1290களின் தொடக்கத்தில் அக்கரையைக் கண்ட வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, அங்கு ஆண்ட சகோதர மன்னர்களுள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினரென்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சுவதில்லையென்றும் எழுதினார். ஒரு குதிரையின் விலை 100 மார்க்கு வெள்ளிக்கு மேற்பட்டது என்பது அவர் கணக்கு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து அனுப்பப்பெற்றன என்றும், ஒன்றின் விலை 220 பொற்றீனார் என்றும் கூறுகின்றார். இக்கணக்கின்படி ஆண்டுச் செலவு 22 இலட்சம் தீனாராகும். கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. இத்தொகை கோயிற் சொத்துகளின் வருவாய் முதலியவற்றிலிருந்து பெறப்பட்டதென அவர் மேலும் கூறுகின்றார். எண்கள் மிகைப்படுத்தப்பட்டிருத்தல் கூடும். எனினும், குதிரைகள் விரைவில் மடிந்தன, ஆண்டுதோறும் புதியன வேண்டப்பட்டன என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இவ்விழப்புக்குக் காரணம் யாது? பராமரிக்கத் தெரியாமையே என்பது இருவர் கூற்றின் சாரம். சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்கு இட்டனர் என்று மார்க்கோ போலோ வியக்கின்றார். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிற் பக்குவப்படுத்திய தானியமும், காய்ச்சிய பசுப்பாலும் கொடுத்தனர் என்றும், நாற்பது நாள் முளையிற் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தபின் ஓய்வின்றி ஓட்டினர் என்றும் வஸ்ஸாப் குறைகூறுகின்றார்.

இவ்வுணவை வெறும் அறியாமையின் விளைவெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. கௌடிலியரின் அருத்தசாத்திரம் உயர்ந்த குதிரைக்கு விதிக்கும் நாட்படியில் இரண்டு துரோணம் தானியம், எண்ணெய், ஐந்து பலம் உப்பு, இறைச்சி, தயிர், பால் ஆகியன இடம்பெறுகின்றன. தானியம் பாதி வேகவைத்ததாகவும் இருக்கலாம். ஆகவே பாண்டியரின் இலாயத்திற் கண்டது இந்திய அசுவ மரபுக்கு ஒத்ததே. ஆனால் அருத்தசாத்திரம் இவற்றோடு பசுந்தீனியையும் புல்லையும் விதிக்கின்றது. பிறநாட்டார் இருவரும் இலாயத்து உணவைக் கூறுமிடத்துப் புல்லைப் பற்றிப் பேசவில்லை. சிக்கலின் வேர் இவ்விடத்தேதான் உள்ளது எனலாம்.

குதிரையின் உடலமைப்பு இதனைத் தெளிவாக்கும். மாட்டைப் போல அது அசைபோடுவதில்லை. அதன் இரைப்பையும் உடலளவுக்குச் சிறியது. நாரின் செரிமானம் பின்குடலில் வாழும் நுண்ணுயிர்களால் நிகழ்கின்றது. ஆதலின் சிறிது சிறிதாக நெடுநேரம் புல் மேய்தலே அதன் இயல்பு. தானியம் ஒரே வேளையில் மிகுதியாக இடப்படின் செரியாத மாப்பொருள் பின்குடலை அடைந்து புளித்து அமிலமாகும். அதனாற் கடும் வயிற்றுவலி உண்டாகும். குளம்பினுள் அழற்சி தோன்றி நிற்கவும் இயலாமற் போகும். குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. கட்டிவைத்துக் கொழுக்கச் செய்யப்பெற்ற குதிரைக்கு இத்தீங்கு எளிதில் நேரும்.

அளவையும் நோக்குக. குதிரை தன் உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீத உலர்தீனியை நாள்தோறும் உண்ணும். 400 கிலோகிராம் நிறையுள்ள குதிரைக்கு இது 8 கிலோகிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 தொன். 2,000 குதிரைகளுக்கு 5,800 தொன்னுக்கு மேல் வேண்டும். இதிற் பெரும்பங்கு புல்லாக இருத்தல் அவசியம். குடிநீரோ ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 40 லீற்றர் வரை தேவை. கோடையில் வறண்டுபோகும் தென்பாண்டிக் கரையில் ஆண்டு முழுவதும் இதனைத் திரட்டுதல் எளிதன்று. கிடைத்த வைக்கோல் சத்துக் குறைந்தது. அசைபோடும் மாடு அதனைக்கொண்டு ஒருவாறு பிழைக்கும், போருக்குச் செல்லும் குதிரைக்கு அது போதாது. புல்லின் குறையைச் சோற்றாலும் வெண்ணெயாலும் ஈடுசெய்ய முயன்றதன் விளைவே அவ்விரு குறிப்புகளிலும் காணப்படுகின்றது எனக் கொள்ளுதல் தகும். வெப்பமும் நோயும் பிற காரணங்களாம்.

இந்நிலத்துக்கு ஏற்ற ஒரு விடையை உழவர் அறிந்திருந்தனர். அது கொள்ளு. மழையை மட்டும் நம்பிய மேட்டுநிலத்தில், வளங்குன்றிய மண்ணிலும் விளைவது. நூற்றுக்கு 20 பங்குக்கு மேற் புரதம் உடையது. அதனை ஊறவைத்து அவித்துக் குதிரைக்கு இடுவது தென்னாட்டு வழக்கமாயிற்று. அவித்தலால் அதன் கடினத் தோல் மெலிந்து, செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் நீங்கும். “கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்” என்னும் பழமொழி இவ்வுறவின் நெருக்கத்தைக் காட்டும். எனினும் கொள்ளும் புல்லுக்கு மாற்று அன்று, துணையே.

குதிரைகள் மடிந்ததனால் நன்மை பெற்றவர் யாவர் என்பதும் சிந்தித்தற்குரியது. குதிரை மருத்துவமும் இலாடப் பணியும் அறிந்தோர் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என மார்க்கோ போலோவே கூறுகின்றார். குதிரை நீண்டநாள் வாழ்ந்தால் விற்பனை குறையும் என்பது அவர்தம் கணக்கு. விசயநகரத்தைப் பற்றி 16ஆம் நூற்றாண்டில் எழுதிய போர்த்துக்கேயர் நூனிஸ், மன்னன் நரசிங்கன் கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் பெற்றுக்கொண்டு முழுவிலை கொடுத்தான் என்கின்றார். காலம் மாறியும் அரசுகளின் சார்புநிலை மாறவில்லை என்பதையே இது உணர்த்துகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தீனியை விளைவிக்க இயலாத அரசு, தீனியின் விலையைக் குதிரையின் விலையாகவே ஆண்டுதோறும் கொடுக்க நேர்ந்தது. அப்பொன் கோயில் நிலத்தில் உழைத்த குடிகளின் விளைவிலிருந்தும் வந்தது. நெடுந்தீவில் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் பேணப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. வறட்சியிற் புல்லும் நீருமின்றி வாடுகின்றன. வென்ற மன்னரின் பெயர்களைச் சாசனங்கள் காத்துத் தந்துள்ளன. அவர்தம் குதிரைக்குப் புல்லறுத்தவனின் பெயரை எவரும் பொறித்து வைக்கவில்லை. அவனது உழைப்பையும் கணக்கிற் சேர்க்கும்போதே குதிரைப்படையின் வரலாறு முழுமை பெறும்.