குட்டிகுடியும் சார்ஜண்ட் ஹோவியும்

துறையூர் தாண்டி, சோபனபுரத்தில் பச்சைமலை ஏறி, டாப் செங்காட்டுப்பட்டி போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. லேப்டாப்பில் ‘தி விக்கர் மேன்’ இருந்தது. 1973இல் ராபின் ஹார்டி எடுத்த படம். ஃபோக் ஹாரர் ரசிகர்களுக்கு அதுதான் மூலஸ்தானம். அதை மலையில் வைத்துப் பார்த்தால் எஃபெக்ட் வேறு மாதிரி இருக்கும் என்பது நண்பனின் கணக்கு.

காணாமல் போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு வருகிறார் சார்ஜண்ட் ஹோவி. ஊரே பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறது. கடைசியில் விளைச்சலுக்காக அவரையே பிரமாண்டமான பிரம்பு உருவத்துக்குள் அடைத்துக் கொளுத்துகிறார்கள்.

எங்களைத் தங்க வைத்திருந்த பெரியவர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுக்கா தம்பி பயப்படுறீங்க? உங்க திருச்சி புத்தூருல குட்டிகுடி பார்த்துட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கமில்ல.”

சுருக்கென்றது. நான் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் புத்தூர். பயமுறுத்தும் தெய்வம் மலையில்தான் இருக்கும் என்று நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பக்கத்து மலையும் ஒரு காரணம்: சங்கப் பாடல்களில் அழகுக்கு உவமையாக வந்த கொல்லிப்பாவை, பிற்காலக் கதைகளில் சிரித்தே ஆளைக் கொல்கிறாள்.

புத்தூர் குழுமாயி அம்மன் கோயில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டியது. மாசித் திருவிழாவில் மருளாளியைத் தோளில் தூக்கி வருவார்கள். நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாக அவரிடம் நீட்ட, அறுத்த கழுத்திலிருந்து அவர் ரத்தம் குடிப்பார். 1907இல் ஹெமிங்வே என்ற வெள்ளைக்கார அதிகாரி (நாவலாசிரியர் இல்லை!) தொகுத்த திருச்சிராப்பள்ளி கெஜட்டியரிலேயே இது பதிவாகியிருக்கிறது. வெளியிலிருந்து வந்து, பார்த்து, எழுதிக்கொள்ளும் கண். ஃபோக் ஹாரருக்கு அந்தக் கண் இல்லாமல் கதையே கிடையாது.

ஆனால் சினிமாவில் ஹோவி எரிந்து போகிறார். இங்கே ஹோவிகள் சட்டம் போட்டார்கள். அதுவும் வெள்ளைக்காரர்கள் இல்லை, நம்மவர்களே. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950இல் வந்து, பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. கிடா வெட்டினால் போலீஸ் வரும் என்ற நிலை. கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. ஆட்டின் பக்கம் நின்று பேச நியாயம் உண்டு, நானும் பேசுவேன். ஆனால் மட்டன் கடை வரிசையில் நிற்கும்போது வராத அருவருப்பு, சாமி முன்னால் மட்டும் ஏன் வருகிறது?

அடுத்த மாசியில் புத்தூர் போனேன். பக்கத்தில் ஒரு அக்கா, மாலை போட்ட குட்டியோடு நின்றிருந்தார். “பார்க்கப் பயமா இல்லையாக்கா?”

“சாமி இதைக் குடிக்காம விட்டுட்டா என்ன பண்றதுன்னுதான் தம்பி பயமா இருக்கு.”

கூட்டம் நகர்ந்தது. அவர் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.