திராட்சத் தோட்டத்துக் கூலியும் கல்வராயன் மலையும்

நம் ஆண்டவர் தம் போதனைக்குரிய பொருள்களைத் தேவாலயத்தினுள் மட்டும் தேடவில்லை. விதைக்கிறவன், மாவைப் புளிக்கவைக்கும் பெண், காசைத் தொலைத்து வீடு பெருக்குகிறவள், கூலிக்காகச் சந்தைவெளியில் நிற்பவன் ஆகியோரின் நடுவிலேயே அவற்றைக் கண்டெடுத்தார். இதனை அறியாத போதகர் நம்மில் இல்லை. ஆயினும், அன்றாட வாழ்வை நாம் பெரும்பாலும் பிரசங்கத்துக்கு வேண்டிய உதாரணமாக மட்டுமே கையாளுகிறோம். சத்தியத்தை முன்னரே முடிவு செய்துகொண்டு, அதற்கு இசைந்த ஒரு குடும்பக் காட்சியையோ தொழிற் காட்சியையோ பின்னர் தேடுகிறோம். வீடும் வேலைக்களமும் போதகருக்கே போதிக்கும் இடங்கள் என்பதைப் பழைய தென்னாற்காட்டுத் திருச்சபையின் வரலாற்றிலிருந்தும், அம்மாவட்டத்தின் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலிருந்தும் காட்டுவதே நம் நோக்கம்.

1. சமையற்கட்டில் எழுந்த கேள்வி

தென்னாற்காட்டில் லுத்தரன் திருச்சபை வேரூன்றிய வரலாறு ஓர் உணவுப் பந்தியோடு தொடர்புடையது. சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக, எவர் சமைத்த உணவையும் எவரோடும் உண்ண ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்று 1850இல் சென்னை மிஷனெரிமார் பலர் கூடித் தீர்மானித்தனர். லைப்சிக் மிஷன் இதற்கு இணங்கவில்லை. சாதி சமுதாய வழக்கமேயாதலால், அதனை வற்புறுத்தி நீக்கலாகாது என்றும், நற்செய்தியின் வல்லமையால் அது நாளடைவில் தேயும் என்றும் அம்மிஷனின் தலைவர் கிரவுல் கருதினார். அதே மிஷனில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் ஐயரின் மனச்சாட்சி இதனை ஏற்கவில்லை. அவர் பிரிந்து சென்று, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் ஊழியத்தைத் தொடங்கினார். அந்நிலையத்துக்கு அவர் இட்ட பெயர் பெத்தானியா. மார்த்தாளும் மரியாளும் ஆண்டவருக்கு விருந்து செய்த ஊரின் பெயர் அது. 1860களில் டேனிஷ் மிஷனெரி சங்கம் இவ்வூழியத்தை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் திருக்கோவிலூர், திருவண்ணாமலை முதலிய இடங்களில் அது பரவி, ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது.

அப்பிரிவினால் சாதி திருச்சபையை விட்டு அகன்றுவிட்டது என்று நாம் கூறத் துணியோம். ஆனால், நற்கருணையின் பொருளைப் பற்றிய கேள்வி சமையற்கட்டிலிருந்தே எழுந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

2. பழமொழிகளுக்குச் செவிகொடுத்தவர்

அந்த டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் ஐயர், 3,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1897இல் சென்னையில் வெளியிட்டார். அவருக்கு முன்னரே பெர்சிவல் ஐயரின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பு 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகளை அகர வரிசையில் தந்திருந்தது. ஜென்சனோ பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்தார். இதனால், நம் மக்கள் வறுமையையும் பெருமையையும் உறவையும் விதியையும் எவ்வாறு எண்ணினர் என்பது வாசகனுக்குப் புலப்படுகிறது. போதிக்க வந்தவர் முதலில் கேட்டவரானார்.

கேட்பதிலும் ஒரு பிழை நேரக்கூடும். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நாமறிந்த பழமொழி. இதனைப் பொறுமைக்கும் விசுவாசத்துக்கும் உதாரணமாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால், அதனுள் உழவனின் முறையீடு ஒன்று உண்டு. அம்முறையீட்டை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் தவறு நம்மிடமும் நேர்ந்தது.

3. மலையில் கேட்ட வியாக்கியானம்

இறையியல் மாணவராயிருந்த நாளில், 1990களின் முற்பகுதியில், கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, கடுக்காயும் புளியும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர் அது. அம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் இருந்தது. ஜாகீர்தார்களின் நிலத்தில் மலைமக்கள் கூலியின்றி உழைக்கவேண்டியிருந்தது. 1976இல்தான் அரசு அம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் ஏற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே.

ஒரு வீட்டுத் திண்ணையில், மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை விளக்கினோம். கடைசியில் வந்தவருக்கும் கிருபை உண்டு என்றும், முறுமுறுப்பது பாவம் என்றும் கூறினோம். கேட்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: "ஐயா, அந்த எசமான் கூலி பேசியல்லவா கூப்பிட்டிருக்கிறார்? எங்களை யாரும் பேசிக் கூப்பிட்டதில்லை. ஏரும் எங்களது, குடித்த கூழும் எங்களது. விளைச்சல் மட்டும் அவர்களது."

அன்று நாம் மறுமொழி சொல்லாதிருந்தோம். திரும்பி வந்து திருமறையைத் திறந்தபோது, அம்முதியவரே உவமையை அதன் தொடக்கத்திலிருந்து கேட்டவர் என உணர்ந்தோம். எசமான் முதலில் ஒரு நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று உடன்படுகிறார். மற்றவர்களுக்கு நியாயமானதைக் கொடுப்பதாக வாக்களிக்கிறார். பொழுது சாயும்போது, லேவியராகமமும் உபாகமமும் கட்டளையிட்டபடி, அன்றைய கூலியை அன்றே கொடுக்கிறார். கடைசியாக வந்தவர்களும் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை. ஒரு குடும்பத்தின் அன்றைய உணவுக்கு ஏற்ற கூலி அவர்களுக்கும் கிடைத்தது. ஆகவே இவ்வுவமையில் கிருபை, நியாயத்தின் மேல் கட்டப்படுகிறது. நியாயத்துக்குப் பதிலாக அது வரவில்லை. கூலி பெற்றறியாதவரிடம் முறுமுறுக்காதே என்று பிரசங்கித்தது நம் பிழை.

4. இன்றைய கள்ளக்குறிச்சி

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயரை, 2024 ஜூன் மாதத்தில் நாடெங்கும் துயரத்தோடு உச்சரித்தனர். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். இதனையடுத்துக் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இத்தகைய வேளையில் குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கிப்பது வேண்டியதே. ஆனால், அதனோடு நின்றுவிடும் போதகர், விதவையான பெண்ணின் அடுப்பையும், மாண்டவன் சுமந்த சுமையையும், அவன் பெற்ற கூலியையும் காணாது போகிறார். மலைமக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று நீதிமன்றம் எழுப்பிய கேள்வியைத் திருச்சபை முன்னரே எழுப்பியிருக்க வேண்டாமா?

ஊழியத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு நாம் கூற விழைவது இதுவே. குடும்பத்திலும் தொழிலிலும் பாடங்களைத் தேடுங்கள். ஆனால், பிரசங்கத்தை எழுதி முடித்தபின் அங்கே செல்லாதீர்கள். எழுதுவதற்கு முன்னே செல்லுங்கள். யார் சமைக்கிறார், யார் உண்கிறார், யார் உழைக்கிறார், யார் பெறுகிறார் என்று கேளுங்கள். நீங்கள் எண்ணிச் சென்ற பாடம் அங்கே மாறிவிடுமாயின், மாறிய பாடத்தையே மக்களுக்குப் பிரசங்கியுங்கள்.