கோப்பி வீழ்ச்சியும் அரசின் கைகொடுப்பும்

1869 இல் மடுல்சீமையிற் காணப்பெற்ற இலைத்துரு நோய், பதினைந்து ஆண்டுகளுள் அப்புத்தளை மலைச்சாரல் வரை பரந்திருந்த கோப்பிப் பயிரைப் பாழாக்கிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவடைத்தது. அதன் நாணயத்தாள்கள் வெறுங் காகிதமாகும் வேளையில், ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றிற்கு அரசே பிணையென உறுதி கூறினார். துணிவான செயலே. ஆயினும் அவ்வுதவி தாள் வைத்திருந்தோரையே எட்டிற்று. மாதக்கணக்காகக் கூலி நிலுவையாயிருந்த தமிழ்த் தொழிலாளரிடம் தாள் ஏது? கங்காணியிடம் பட்ட கடனே அவர்தம் இருப்பு. தோட்டத்தின் மீது கூலிக்கே முதலுரிமை தந்த சட்டம் அப்பத்தாண்டிலேயே பிறந்தது. எனினும் வாங்குவாரற்ற நிலத்தினின்று கூலி பெறுதல் எளிதோ? அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தைத் தாமஸ் லிப்டன் வாங்கியது 1890 இலேயாம்.