ஒரே பெயர், இரண்டு சரக்கு: ஷ்னாப்ஸின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடி குடியைக் கெடுக்கும் என்ற வரியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! இது ஒரு வார்த்தையின் கதை. பி.காம். படிப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் காஸ்டிங்கும் கொஞ்சம் வரியும் இருக்கிறது. மற்றவர்கள் பயப்பட வேண்டாம், கணக்கு நாலே வரிதான் :-)

ஷ்னாப்ஸ் ஜெர்மன் வார்த்தை. 'லபக்கென்று கவ்வுவது' என்ற பொருளில் வரும் வினைச்சொல்லோடு சம்பந்தப்பட்டது. சின்னக் கிளாஸில் ஊற்றி ஒரே வாயில் விழுங்குவதால் அந்தப் பெயர். பேச்சு வழக்கில் அங்கே எந்தக் கடுமையான சாராயத்துக்கும் இதுதான் பெயர். ஆனால் தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் போனால் பழச் சாராயம் இல்லாமல் ஷ்னாப்ஸ் பேச்சே கிடையாது.

அதை எப்படிச் செய்கிறார்கள்? செர்ரியையோ ஆப்பிளையோ பேரிக்காயையோ நசுக்கி ஊறல் போடுகிறார்கள். சில வாரம் புளித்தபின் காய்ச்சி வடிக்கிறார்கள். கலர் கிடையாது, இனிப்பும் கிடையாது, ஆல்கஹால் 40 சதவீதம் அளவில் இருக்கும். கிர்ஷ்வாஸர் என்ற செர்ரிச் சாராயம் ஒரு பாட்டில் எடுக்க சுமார் 10 கிலோ செர்ரி வேண்டும் என்பார்கள். மூலப்பொருள் செலவை நீங்களே போட்டுப் பாருங்கள்!

இதைச் செய்பவர்களில் நிறைய பேர் சாதாரண விவசாயிகள். அவர்களுக்கு அங்கே ஒரு விசித்திரமான வரி முறை உண்டு. சின்ன வடிப்பவர் வருடத்துக்கு 300 லிட்டர் சுத்த ஆல்கஹால் வரை எடுக்கலாம். வெளியே வந்த சாராயத்தை அளந்து வரி போடுவதில்லை. இத்தனை பழம் போட்டால் இத்தனை ஆல்கஹால் வரும் என்று அரசாங்கமே ஒரு விகிதம் வைத்திருக்கிறது, அதன்படி வரி. அதைவிடக் கூடுதலாக எடுத்தால் அந்த உபரிக்கு வரி இல்லை! ஆக, நன்றாகப் பழுத்த பழத்தைப் போட்டுக் கவனமாகக் காய்ச்சுபவனுக்கு லாபம். ஜெர்மனியில் சாராயத்துக்கு இருந்த அரசு ஏகபோகம் 2017 கடைசியில் முடிந்தது. அதற்குப் பிறகும் இந்த முறை தொடர்கிறது.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். ஷ்னாப்ஸ் என்ற பெயர் அங்கேயும் பழையதுதான், பெப்பர்மின்ட் ஷ்னாப்ஸ் ரொம்ப நாளாக விற்றது. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது வேறு: தானியத்தில் எடுத்த வாசமில்லாத எரிசாராயம், தண்ணீர், சர்க்கரை, ஃப்ளேவர். பழத்தைப் புளிக்க வைத்து வடிக்கும் வேலையே இல்லை. ஜெர்மனிக்காரருக்கு இது ஷ்னாப்ஸ் இல்லை, லிக்கர்.

1970-களிலும் 80-களிலும் அங்கே விஸ்கி விற்பனை சரிந்துகொண்டிருந்தது. ஓல்டு கிராண்டுடாட், ஓல்டு க்ரோ போன்ற பழைய விஸ்கிகளை வைத்திருந்த நேஷனல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனியிடம் டி கைப்பர் என்ற டச்சுப் பெயரும் இருந்தது (1695-ல் ஆரம்பித்த நிறுவனம்). அந்தப் பெயரில் 1984-ல் பீச்ட்ரீ என்ற பீச் பழ ஷ்னாப்ஸை இறக்கினார்கள். முதல் முழு வருடத்திலேயே பத்து லட்சம் பெட்டிகளுக்கு மேல் விற்றது, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் பாட்டில்!

ஏன் இது கம்பெனிக்கு இனித்தது? நம்ம பாடத்திலேயே பதில் இருக்கிறது. விஸ்கியை வருஷக்கணக்கில் பீப்பாயில் வைக்க வேண்டும், அத்தனை நாளும் முதலீடு முடங்கிக் கிடக்கும். ஷ்னாப்ஸை இன்று கலந்து நாளை விற்கலாம். அடுத்தது கலால் வரி. அமெரிக்காவில் வரி பாட்டிலுக்கு இல்லை, ஆல்கஹால் அளவுக்கு. 50 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு காலனுக்கு 10.50 டாலராக இருந்தது 1985 அக்டோபரில் 12.50 ஆனது. 750 மில்லி பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால், 40 சதவீத விஸ்கிக்கு சுமார் 1.98 டாலர். அதே பாட்டிலில் 24 சதவீத ஷ்னாப்ஸ் இருந்தால் 1.19 டாலர்தான். பாக்கி இடத்தை நிரப்புவது தண்ணீரும் சர்க்கரையும். தண்ணீருக்கு ஏது கலால்?

வரி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊரில் வரிமுறை நல்ல பழத்துக்குப் பரிசு கொடுத்தது, இன்னொரு ஊரில் ஆல்கஹாலைக் குறைப்பதற்குப் பரிசு கொடுத்தது. இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, காக்டெய்லுக்கு வருவோம். பழச் சாராயத்தை உணவுக்குப் பிறகு தனியாகக் குடிப்பார்கள். இந்த இனிப்பு ஷ்னாப்ஸோ கலப்பதற்கென்றே பிறந்தது மாதிரி. பாருக்கு இது சர்க்கரைப் பாகு, பழவாசனை, சரக்கு மூன்றும் ஒரே பாட்டிலில். பீச் ஷ்னாப்ஸும் ஆரஞ்சு ஜூஸும் சேர்ந்தால் ஃபஸ்ஸி நேவல், கூட ஒரு பொருளே வேண்டாம். பீச் பழத்தோலின் பூமுடிக்கு 'ஃபஸ்', நேவல் என்ற ஆரஞ்சு ரகத்துக்கு 'நேவல்'. வோட்காவும் க்ரான்பெர்ரி ஜூஸும் சேர்த்தால் வூ வூ. அதிலேயே ஆரஞ்சு ஜூஸையும் விட்டால் செக்ஸ் ஆன் த பீச். (பெயரில் வரும் பீச் கடற்கரை, உள்ளே ஊற்றுவது பழம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்!) 1990-களின் பிற்பாதியில் புளிப்பு ஆப்பிள் ஷ்னாப்ஸ் ஊற்றிய பச்சைக் கலர் ஆப்பிள் மார்ட்டினி வந்து அடுத்த அலையைக் கிளப்பியது.

ஒரு உறுத்தல் இருக்கிறது. பீச்ட்ரீ வந்த அதே 1984-ல்தான் குடிக்கும் வயதை 21 ஆக்கச் சொல்லி மாநிலங்களை நெருக்கும் சட்டத்தில் ரீகன் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கம் இளசுகளைத் தள்ளிவைக்கச் சட்டம், இன்னொரு பக்கம் ஜூஸ் மாதிரியே ருசிக்கும் சரக்கு. கடுமையான ஷ்னாப்ஸ் தொண்டையில் இறங்கும்போதே நான் சாராயம் என்று சொல்லிவிடும். இனிப்பு ஷ்னாப்ஸ் அதைச் சொல்லாது. எத்தனை கிளாஸ் போனது என்பது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இதற்காக ஜெர்மனி நல்லவன், அமெரிக்கா கெட்டவன் என்று முடித்தால் தப்பு. ஜெர்மனியின் பெரென்ட்ஸன் கம்பெனி 1976-லேயே தானியச் சாராயத்தில் ஆப்பிளைக் கலந்து இனிப்பான அப்ஃபெல்கோர்ன் விற்று அமோகமாகச் சம்பாதித்தது. இனிப்பு எல்லா ஊரிலும் விற்கும். ஆனால் ஐரோப்பியச் சட்டத்தில் பழச்சாராயம் என்ற பெயருக்கு வேலி இருக்கிறது: புளித்த பழத்தில் மட்டுமே வடிக்க வேண்டும், ஃப்ளேவர் சேர்க்கக் கூடாது, 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஷ்னாப்ஸ் என்ற பேச்சு வழக்குச் சொல்லுக்கு அந்த வேலி இல்லை. அதனால்தான் கடல் தாண்டியதும் பெயர் மட்டும் மிஞ்சி, 10 கிலோ பழம் காணாமல் போனது.

பிராண்டின் மதிப்பு என்று வகுப்பில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். இங்கே நூற்றாண்டுகளாக விவசாயிகள் சேர்த்துவைத்த மதிப்பு ஒரு வார்த்தையில் இருந்தது. அது யார் பெயரிலும் பதிவாகவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடிந்தது. லேபிளில் பழப் படம் போட்ட எதை வாங்கினாலும், அது சாராயமோ ஜூஸோ, பின்பக்கத்தைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். அதற்குக் காமர்ஸ் படித்திருக்க வேண்டும் என்று இல்லை!