வளாக வாசல் வரை வந்த வலைப்பின்னல்

1997 செப்டம்பர் 17 அன்று சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்டபோது, அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. சேலத்துக்குத் தெற்கே, கைமுறுக்குக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டியின் மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்பது பேருந்தில் போய் அன்றே திரும்பக்கூடிய இடமாயிற்று. அந்தப் பயணமும் இல்லாமல் காரியம் முடிய வேண்டும் என்ற எண்ணம் இணையத்தோடு வந்தது. அதற்கான செலவு எங்கே தொடங்கி எங்கே நிறுத்தப்பட்டது என்பது இந்தப் பகுதிக்கு முக்கியமான வரலாறு.

இந்தியக் கல்வி வலையமைப்பின் தொடக்கமான எர்நெட், 1986இல் மத்திய மின்னணுவியல் துறையால் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அமைக்கப்பட்டு, எட்டு நிறுவனங்களை மட்டுமே இணைத்தது. தமிழகத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஒன்றுக்கே அதில் இடமிருந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான வழி, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2002 டிசம்பரில் அறிவித்த யு.ஜி.சி.-இன்ஃபோநெட் திட்டத்தால் திறந்தது. தனித்தனியே சந்தா கட்டினால் கட்டுப்படியாகாத ஆய்விதழ்களைப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பேரத்தில் வாங்கிய அதன் மின்னூலகக் கூட்டமைப்பு, இத்துறையில் செய்யப்பட்ட மிக விவேகமான செலவுகளில் ஒன்று. எனினும் யு.ஜி.சி. சட்டத்தின் 12பி பிரிவின்படி, 1972 ஜூன் 17க்குப் பின் தோன்றிய பல்கலைக்கழகம் எதுவும் தகுதியுடையதாக அறிவிக்கப்படும் வரை மத்திய மானியம் பெற முடியாது என்பதால், புதிய பல்கலைக்கழகங்கள் தொடக்க ஆண்டுகளில் மாநில அரசின் நிதியையும், மாணவர் செலுத்தும் தேர்வுக் கட்டணம் போன்ற வருவாயையுமே நம்ப வேண்டியிருந்தது.

பெரும் பணம் 2009இல் வந்தது. 4,612 கோடி ரூபாய் மதிப்பிலான தேசியக் கல்வித் தொழில்நுட்ப இயக்கம் பல்கலைக்கழகங்களுக்கு நொடிக்கு 1 கிகாபிட் வேக இணைப்பைத் திட்டமிட்டது. செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை நிறுவனமும் ஏற்பது ஏற்பாடு. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலையமைப்பும் ஒப்புதல் பெற்றது. ஒருமுறை செய்யும் மூலதனச் செலவுக்கும் ஆண்டுதோறும் வரும் தொடர்செலவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உறைக்கிறது: ஒளியிழை வடம் பதிப்பதற்குத் திட்டப்பணம் கிடைக்கும், ஆனால் பராமரிப்பு ஒப்பந்தம், மென்பொருள் உரிமப் புதுப்பிப்பு, ஆட்களின் ஊதியம், வழங்கிக் கணினியைத் தாங்கும் யு.பி.எஸ். மின்கலம் ஆகியவை திட்டக்காலம் முடிந்த பிறகும் நிற்கும். 2012 வாக்கில் தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்தபோது, அந்த மின்கலங்கள் சிறு செலவாக இருக்கவில்லை.

வாசலுக்கு வெளியே நிலைமை வேறு. வரைவோலைக் காலத்தில் மாணவர் கட்டணம் செலுத்த வங்கியில் படிவம் நிரப்பி, தரகுத்தொகை சேர்த்துக் கட்டி, ‘டி.டி.’ வாங்கி, அதன் பின்புறம் பெயரையும் பதிவெண்ணையும் எழுதி விண்ணப்பத்தோடு இணைப்பார். இணையச் சேவை அந்த அலைச்சலைக் குறைத்தது. வீட்டில் கணினி இல்லாதவரோ கடைத்தெருப் பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இத்தனை என்று கொடுத்து ஹால் டிக்கெட்டை அச்செடுத்தார். அந்தக் காசு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் எழுதப்படவில்லை, எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2018இல் பொறியியல் பொதுக் கலந்தாய்வை இணையத்துக்கு மாற்றிய அண்ணா பல்கலைக்கழகம் மாநிலமெங்கும் உதவி மையங்களையும் திறந்தது, இந்த இடைவெளியை ஓரளவு ஏற்றுக்கொண்டதாகும். பெருந்தொற்றின்போது, 2021 ஜனவரியில், தமிழக அரசு 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு அட்டையை இலவசமாக அறிவித்தபோது, வளாகத்தைத் தாண்டி மாணவரின் கைப்பேசி வரையிலான வழிக்கே அரசு நேரடியாகப் பணம் ஒதுக்கியது. ஏப்ரல் வரை, நான்கு மாதங்களுக்கு.