ஆறிய புண்ணின் நிறம்

பண்டைய இந்திய அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சுசுருதரின் கத்தியைப் பற்றியே பேசுகின்றனர். கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கைச் சமைத்த செய்தி பெருமிதத்துடன் பகிரப்படுகிறது. பொருத்திய தோலை அதன்பின் எவ்வாறு பேணினர் என்று கேட்போர் அரிது. சுசுருத சங்கிதையோ அதற்கு அளித்திருக்கும் இடம் சிறிதன்று.

சூத்திரஸ்தானத்தின் 16ஆம் அத்தியாயம் அறுந்த காதுமடலை ஒட்டும் 15 முறைகளைக் கூறுகிறது. ஒட்டிய இடத்தில் தேனும் நெய்யும் பூசி, பஞ்சும் துணியும் சுற்றி, இறுக்கமும் தளர்வும் இன்றி நூலால் கட்ட வேண்டும். மூன்று நாள் எண்ணெயால் நனைக்க வேண்டும். பஞ்சினை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காதை உரசுதல், பகலுறக்கம், உடலுழைப்பு, மிகையுணவு, புணர்ச்சி, நெருப்பின் வெம்மை, ஓயாத பேச்சு ஆகியவை நோயாளிக்கு விலக்கு. மடலை மீண்டும் நீட்டத் தொடங்குவதற்கு நூல் விதிக்கும் நிபந்தனைதான் கருதத்தக்கது: புண் நன்கு கூடி, தொல்லை நீங்கி, அருகிலுள்ள தோலின் நிறத்தையே அடைந்திருக்க வேண்டும். மூக்கிற்கும் இவ்வாறே. பதிமுகம், அதிமதுரம், அஞ்சனம் ஆகியவற்றின் பொடியைத் தூவி, வெண்பஞ்சால் மூடி, நல்லெண்ணெயால் அடிக்கடி நனைப்பர். ஆறியபின் மூக்கு குறைந்திருந்தால் வளர்ப்பர். சதை மிகுந்திருந்தால் சமன் செய்வர்.

புண் ஆறிற்று என்பதற்கு அந்நூல் தரும் இலக்கணமும் இதையொட்டியதே. முடிச்சும் வீக்கமும் வலியும் இன்றி, தோலோடு ஒரே நிறமும் ஒரே மட்டமும் ஆனதே முறையாக ஆறிய புண். ஆகவே சிகிச்சாஸ்தானத்தின் முதல் அத்தியாயம் எண்ணும் 60 புண்சிகிச்சைகளுள் பல, உயிரைக் காப்பதற்கல்ல, தோற்றத்தை மீட்பதற்கே உரியன: மேடான தழும்பைத் தாழ்த்துதல், பள்ளமானதை உயர்த்துதல், வன்மையானதை மென்மையாக்குதல், வெளுத்ததைக் கருமையாக்குதல், கறுத்ததை வெளுப்பித்தல், உதிர்ந்த மயிரை முளைப்பித்தல். வெளுத்த தழும்புக்குச் சேங்கொட்டை எண்ணெயைக் குளம்புச் சாம்பலுடன் குழைத்துப் பூசச் சொல்கிறது நூல். (வண்ணார் துணிக்குக் குறியிடும் அதே கொட்டைதான்; தோலில் பட்டால் கொப்புளிக்கும். எவரும் முயல வேண்டா!) உடல்வடிவச் சீரமைப்பு அறுவைக்குப்பின் இன்று சிலிக்கோன் பட்டையையும் அழுத்த உடையையும் நாடுவோரின் கவலையும் இதுவே.

1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் ஒரு கடிதத்தை வெளியிட்டது. ஆங்கிலேயப் படையின் மாட்டு வண்டிக்காரரான கவாஸ்ஜி 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் புணேக்கு அருகில் ஒருவர் நெற்றித் தோலால் அவருக்கு மூக்கு அமைத்தார். அக்கடிதத்தில் அறுவையினும் என்னைக் கவர்ந்தது அதற்குப் பிந்தைய நாட்கணக்கு. நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணித்துண்டுகளில் தடவி, ஐந்தாறு அடுக்காக இணைப்பின்மேல் வைப்பர். நான்கு நாள் வேறு மருந்தில்லை. பின்னர் நெய்யில் தோய்த்த துணி. முதல் ஐந்தாறு நாள் மல்லாந்து கிடக்க வேண்டும். பத்தாம் நாள் நாசித்துளைகளில் மென்துணி செருகப்படும். நெற்றியோடு இணைந்திருக்கும் தோற்பாலத்தை 25ஆம் நாளளவில் அறுப்பர். நெற்றித் தழும்பு நாளடைவில் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது என்றும் அக்கடிதம் குறிப்பிடத் தவறவில்லை.

இரண்டிலும் நெய் வருவதைக் கொண்டு நேரடி மரபுத்தொடர்ச்சி காண நான் விரும்பவில்லை. அங்கே கன்னம், இங்கே நெற்றி. அங்கே அதிமதுரம், இங்கே காசுக்கட்டி. பொதுவானது, தோல் பிழைப்பது கத்திக்குப் பிந்தைய நாட்களில்தான் என்னும் அறிவு. அவ்வறிவை வடமொழி நூல் எழுதி வைத்தது. புணேயில் அதைக் கையில் வைத்திருந்தவரோ செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்று கடிதம் கூறுகிறது. நோயாளியின் பெயரையும், உடனிருந்து கண்ட பம்பாய் மாகாண ஆங்கில மருத்துவர் இருவரின் பெயர்களையும் அது பதிவு செய்கிறது. லண்டனில் 1814இல் இம்முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக்கிய ஜோசப் கார்ப்யூவின் பெயர் மருத்துவ வரலாறுகளில் நிலைத்திருக்கிறது. மூக்கை அமைத்து, காசுக்கட்டி குழைத்து, 25 நாள் எண்ணியவரின் பெயரைக் கடிதம் எழுதவில்லை.