மர்ஃபா

மர்ஃபா என்பது ஹைதராபாத்தில் வாழும் ஹளரமி அரபியரும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திகளும் வளர்த்தெடுத்த தாளவகை. அந்தத் தாளத்துக்கு ஆடும் கூட்டாட்டத்துக்கும் இதே பெயர்தான். கல்யாண ஊர்வலங்களிலும் பெருநாள்களிலும் வெற்றிக் கொண்டாட்டங்களிலும் இது ஒலிக்கும். பாட்டுக்கு இதில் இடம் குறைவு, கொட்டுதான் முதன்மை. ஆடுவதற்கென்று தனி மேடையோ பார்ப்பதற்கென்று தனி அவையோ கிடையாது. கொட்டுக்காரர்களைச் சுற்றி வளையம் கட்டி நிற்பவர்களே ஒருவர் பின் ஒருவராக நடுவில் வந்து ஆடுவார்கள். மேற்கு மாம்பலத்துப் பஜனைகளில் குத்துவிளக்கைச் சுற்றித் திவ்யநாமம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும்: கேட்க வந்தவர் கொஞ்ச நேரத்தில் ஆடுகிறவராகிவிடுவார்.

இந்த ஆட்டத்தின் பூர்விகம் யேமன் நாட்டின் கிழக்கே உள்ள ஹளரமௌத். தரீம், ஷிபாம், சையூன் ஆகிய பழைய ஊர்கள் அங்குள்ள நீண்ட பள்ளத்தாக்கில் இருக்கின்றன; முகல்லாவும் ஷிஹ்ரும் கடற்கரைத் துறைமுகங்கள். மழை குறைந்த அந்த மண்ணிலிருந்து பிழைப்புக்காகவும் வணிகத்துக்காகவும் சமயப் பணிக்காகவும் மக்கள் பல நூற்றாண்டுகளாக வெளியேறினார்கள். கிழக்கு ஆப்பிரிக்கா, மலபார், குஜராத், ஜாவா என்று அவர்கள் போய்ச் சேர்ந்த கரைகள் பல. தக்காணத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கூலிப்படை வீரர்கள். முதலில் அவர்கள் மராட்டிய அரசர்களிடம் சேவகம் செய்தார்கள். 1818-இல் மாலேகாவ் கோட்டையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது உள்ளே நின்று போரிட்டது அரபியர் படைதான். மராட்டியர் ஆட்சி முடிந்ததும் அவர்களில் பலர் நிஜாமின் ஹைதராபாத்தை நாடினார்கள். அங்கே அவர்களைச் ‘சாவுஷ்’ என்று அழைத்தார்கள்.

அரபியப் படைத்தலைவர்களான ஜமாதார்கள் ஹைதராபாத்தில் வெறும் வீரர்களாக இருந்துவிடவில்லை. அரசுக்கே கடன் கொடுத்தார்கள். ஈடாக நிலவரி வசூலைக் கையில் வைத்திருந்தார்கள். 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் அவர்களுடைய கையை மெல்ல மெல்லக் கட்டினார். அதற்குள் சிலர் இங்கே சேர்த்த பணத்தைக் கொண்டு சொந்த மண்ணில் ஆட்சியையே பிடித்துவிட்டார்கள். ஜமாதார் உமர் பின் அவத் அல்-குஐத்தியின் குடும்பம் ஷிபாம், ஷிஹ்ர், முகல்லா ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி ஒரு சுல்தானகத்தை நிறுவியது. அது 1967 வரை நீடித்தது. தக்காணத்தில் ஈட்டிய செல்வம் அரபுக் கரையில் ஓர் அரசை எழுப்பிய இந்தக் கதை நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டியது.

மர்ஃபா வளர்ந்தது இந்தப் படைவீடுகளில். யேமனில் ‘பரஆ’ என்றொரு ஆட்டம் உண்டு. ஆண்கள் வளைந்த ஜன்பியாக் கத்தியைக் கையில் ஏந்தி, தோளோடு தோள் நின்று, கொட்டின் வேகத்துக்கேற்ப அடி மாற்றி ஆடுவார்கள். அதற்குக் கொட்டும் இரண்டு முரசுகளில் ஒன்றின் பெயர் மர்ஃபா. ஹைதராபாத்தில் இந்த முரசுடன் தஃப், டோலக், உலோகக் குடம், தட்டும் மரக்குச்சிகள் எல்லாம் சேர்ந்தன. ஆடுபவர் கையில் வாளோ கத்தியோ சிலம்பு போன்ற தடியோ சுழலும். போர்ப்பயிற்சியின் சாயல் அடிவைப்பில் இன்றும் தெரிகிறது. ஆனால் முகத்தில் இருப்பது சிரிப்பு.

இதன் வேகத்துக்கும் துள்ளலுக்கும் சித்திகள் தந்த பங்கு பெரிது. நிஜாமிடம் ஆப்பிரிக்கக் குதிரைப்படை ஒன்று இருந்தது. மாசாப் டேங்க் அருகிலுள்ள ஏ.சி. கார்ட்ஸ் என்னும் பகுதியின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அங்கே குடியிருந்த சித்திகள் மர்ஃபாவைத் தங்கள் தொழிலாகவும் அடையாளமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே மர்ஃபாவை அரபியக் கலை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரைகள் தக்காணத்தில் சந்தித்ததால் பிறந்த கலை இது.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழானது. நிஜாமின் படைகள் கலைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான அரபியர் காவலில் வைக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள். தலைமுறைகளாக இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்கூடத் தாங்கள் எந்த நாட்டவர் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. படைச்சம்பளம் போனபின் தங்கியவர்கள் சிறு கடை, பழ வியாபாரம், வாகனம் ஓட்டுதல் என்று கிடைத்த வேலையில் இறங்கினார்கள். நகரின் தெற்கே சந்திராயன்குட்டா அருகிலுள்ள பார்க்கஸ் அவர்களுடைய முக்கியக் குடியிருப்பு. படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் ‘பாரக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் திரிந்து அமைந்த பெயர் அது.

பார்க்கஸில் வீட்டு மொழி பெரும்பாலும் தக்கினி உருது ஆகிவிட்டது. பின், பா என்று தொடங்கும் குடும்பப் பெயர்களும், ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட லுங்கியும், ரமலானில் ஹரீஸும், இப்போது ஊரெங்கும் பரவிவிட்ட மந்தி சோறும் ஹளரமௌத்தை நினைவூட்டுகின்றன. இவற்றில் மர்ஃபாவுக்குத் தனி இடம் உண்டு. பெயர் ஒருவருடையது, உணவு ஒரு வீட்டினுடையது. ஆனால் கொட்டு கேட்கும் நேரத்தில் தெரு முழுவதும் அரபியத் தெருவாகிவிடுகிறது. அரபி பேசத் தெரியாத சிறுவனும் தாத்தா வைத்த அடியை அவர் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்கிறான். இதற்கென்று பள்ளியோ பாடத்திட்டமோ இருந்ததில்லை; ஊர்வலத்தில் கலந்துகொள்வதுதான் பயிற்சி. படை போய், சம்பளம் போய், மொழியும் தேய்ந்தபின்பும் மர்ஃபா நிலைத்ததற்குக் காரணம் இதுவே என்று தோன்றுகிறது.

இந்தத் தாளம் அரபியர் எல்லையையும் தாண்டியது. ‘தீன்மார்’ என்ற பெயரில் போனாலு விழாவிலும் விநாயகர் ஊர்வலத்திலும் தேர்தல் வெற்றியிலும் தெலங்கானா முழுவதும் அது ஒலிக்கிறது. 2011-இல் ஒரு தெலுங்குப் படத்துக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். எல்லா மதத்தாரும் ஆடும் தாளமாக அது மாறியது மகிழ்ச்சிக்குரியது; அதைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரபு வழிக் கூட்டாட்டங்கள் தென்னகத்தில் வேறு இடங்களிலும் வேர் பிடித்தவைதாம். மலபாரின் தஃப்முட்டு, அரபனமுட்டு போன்றவை கேரளப் பள்ளிக் கலைவிழாவில் போட்டிக் கலைகளாகி, அதனால் அரசு ஆதரவும் பயிற்சி ஆசான்களும் பெற்றன. நாகூர் போன்ற தர்காக்களில் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடுவது தமிழகத்து மரபு. உலக அளவில் ஓமானின் அல்-பரஆ 2010-இலும், ஐக்கிய அரபு அமீரகமும் ஓமானும் கூட்டாக முன்வைத்த அல்-அய்யாலா 2014-இலும், பாலஸ்தீனத்தின் தப்கே 2023-இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. மர்ஃபாவுக்கு அப்படி ஒரு பட்டியலில் இன்னும் இடம் வாய்க்கவில்லை. மர்ஃபாவைக் காண விரும்புகிறவர் பார்க்கஸ் கல்யாண ஊர்வலம் ஒன்றுக்குப் போகலாம், ஏ.சி. கார்ட்ஸின் கொட்டுக்குழுக்களையும் கேட்கலாம்.